டப்பாவைப் பிள்ளையே கட்டட்டும்

ஒன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்குத் தன் மதியச் சாப்பாட்டைத் தானே டப்பாவில் எடுத்து வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். ஆண் பிள்ளையாக இருந்தால் கட்டாயம் தெரிய வேண்டும். இதைச் சொன்னால் நம் வயதுக்காரர்களுக்கு வருகிற கோபம் எனக்குப் பழகிப்போன ஒன்று. வ.உ.சி. மைதானத்தில் நடைக்கு வரும் தோழிகளிடம் சொல்லி, "சின்னப் பிள்ளைய இப்படிப் பாடாப் படுத்துதியே, நீயெல்லாம் ஒரு ஆச்சியா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் என்ன, எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். 6 வயதுப் பிள்ளையை அடுப்பு முன்னால் நிறுத்தச் சொல்லவில்லை. சமைப்பது பெரியவர்கள்தான். என்ன சமைப்பது என்று முடிவு செய்வதும் பெரியவர்கள்தான். சமைத்து ஆறவைத்த சோற்றையும் காயையும் டப்பாவில் எடுத்துப் போட்டு, மூடி, ஸ்பூனையும் கைக்குட்டையையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் வைப்பது. சாயங்காலம் வந்ததும் அதே டப்பாவைத் திறந்து, மீதி இருந்தால் கொட்டிவிட்டு, ஒரு தண்ணீர் அலசிக் கழுவப் போடுவது. இவ்வளவுதான் நான் கேட்பது. பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தைப் பிள்ளை கையில் கொடுக்க நமக்கு ஏன் மனம் வருவதில்லை?

இப்போது வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். எட்டேகாலுக்கு வேன் வந்துவிடும். அதற்குள் காலை இடைவேளைக்கு ஒரு ஸ்நாக்ஸ் டப்பா, மதியத்துக்கு ஒரு டப்பா, பள்ளி விட்டு நேரே டியூஷனுக்கோ கராத்தேக்கோ போகிற பிள்ளை என்றால் சாயங்காலத்துக்கு இன்னொரு டப்பா. இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஆறு டப்பா. போதாக்குறைக்குச் சில பள்ளிகள் திங்கள்கிழமை சப்பாத்தி, செவ்வாய்க்கிழமை கலந்த சாதம், புதன்கிழமை பயறு என்று அட்டவணையே அச்சடித்துக் கொடுத்துவிடுகின்றன. அந்த அட்டவணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும், அம்மாவின் கண் உயரத்துக்கு. பிள்ளையின் கண் உயரத்துக்கு ஒட்டிய வீடு ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. யூடியூபைத் திறந்தால் கேரட்டில் நட்சத்திரம் வெட்டி, சோற்றில் கரடி மூஞ்சி செய்து, "இன்று என் செல்லத்தின் லஞ்ச் பாக்ஸ்" என்று காட்டுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அந்தக் கரடிக்கு மூக்கு வைப்பதற்காக ஒருத்தி நாலரை மணிக்கு எழுந்திருக்கிறாள் என்பது வீடியோவில் தெரியாது.

அந்தச் செல்லத்தை ஏழு மணிக்கு எழுப்பி, பாதித் தூக்கத்தில் பல் தேய்க்க வைத்து, இட்லியை ஊட்டிவிட்டு, ஷூவை மாட்டிவிட்டு, பையைத் தோளில் ஏற்றி, வேனுக்குள் தள்ளுகிறார்கள். வேன் கிளம்புவதற்கு முன் "உன் டப்பாவில் இன்னைக்கு என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்குத் தெரியாது. மதியம் திறந்தால்தான் தெரியும்.

இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் பாசம். பிள்ளைக்குக் கட்டிக் கொடுப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. உடம்பு சரியில்லாமல் இருந்து மறுபடி பள்ளிக்குப் போகிற அன்று கட்டிக் கொடுங்கள். பரீட்சையன்று, பிறந்தநாளன்று கட்டிக் கொடுங்கள். பள்ளி நடக்கிற 200 சொச்சம் நாளும் கட்டிக் கொடுத்தால் பிள்ளை அதைப் பாசம் என்றா எடுத்துக்கொள்கிறது? குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி டப்பாவும் வரும் என்றுதான் எடுத்துக்கொள்கிறது. என்றைக்காவது உப்புக் கொஞ்சம் கூடிப்போனால் வீட்டுக்கு வந்து அது கேட்கிற தோரணையைக் கவனித்திருக்கிறீர்களா? ஹோட்டலில் சர்வரிடம்கூட நாம் அப்படிக் கேட்பதில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் 1978-ல் தொலைபேசித் துறையில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் போர்டின் முன் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. ஆறு என்றால் ஆறுதான். இரவு முழுக்கப் பார்த்தவர் எப்போது எழுந்து போகலாம் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் மகளுக்கு 8 வயது, மகனுக்கு 6 வயது இருக்கும்போது எனக்குத் தொடர்ந்து காலை ஷிப்ட். நாலு மணிக்கு எழுந்து ஒரு சோறு, ஒரு குழம்பு, ஒரு பொரியல் வைத்துவிட்டு ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவேன். சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, குழம்பையும் பொரியலையும் சின்னப் பாத்திரங்களில் மாற்றி, பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் முக்காலியின் மேல் மூடி வைத்துவிட்டுப் போவேன். என் வீட்டுக்காரர் எட்டரை வரை வீட்டில் இருப்பார். அவர் வேலை மேற்பார்வை மட்டும். பிள்ளைகள் அவரவர் டப்பாவை அவரவர் எடுத்து வைத்துக்கொள்வார்கள். அவரும் தன் டப்பாவைத் தானே எடுத்து வைத்துக்கொள்வார்.

முதல் வாரம் மகன் டப்பா முழுக்க உருளைக்கிழங்குப் பொரியலாகவே எடுத்துப் போனான். சோறு ஒரு பருக்கை இல்லை. இன்னொரு நாள் பொரியலே இல்லாமல் வெறும் தயிர்சாதம். அவனுடைய அப்பா வாய் திறக்கவில்லை, அது நாங்கள் பேசி வைத்துக்கொண்டதுதான். மூன்றாம் வாரம் வரும்போது சோறும் காயும் சரியான கணக்கில் போக ஆரம்பித்துவிட்டது. என் மாமியார் மட்டும், "தாய் உயிரோட இருக்கையிலேயே பிள்ளைகள் தாயில்லாப் பிள்ளை மாதிரி சோத்த அள்ளுது" என்று எதிர்வீட்டுத் திண்ணையில் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். திண்ணையில் எனக்குக் கல்நெஞ்சுக்காரி என்று பெயர் வந்தது. பிள்ளைகள் இரண்டும் நன்றாகத்தான் வளர்ந்தன.

அந்த ஏற்பாட்டில் ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. "தம்பிக்கும் சேர்த்து எடுத்து வை" என்று மகளிடம் ஒரு நாளும் சொன்னது கிடையாது. அவசரம் என்றாலும் கிடையாது. மகளுக்கு இரண்டு வயது கூடுதல், கை வேகம், அவளைச் சொன்னால் வேலை முடிந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். அங்கேதான் நம் வீடுகளில் எல்லாமே தடம் மாறுகிறது.

"நம்ம காலத்துல பிள்ளைங்க எவ்வளவு வேலை செஞ்சோம், இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியல" என்று பேசுகிறவர்களைக் கேட்டிருப்பீர்கள். நம் காலத்தில் வேலை செய்த பிள்ளைகள் யார்? என் பெரியம்மா வீட்டில் மூன்று பெண், இரண்டு ஆண். மூத்தவளுக்கு அப்போது 10 வயது இருக்கும். தம்பிகள் இரண்டு பேரின் தூக்குச்சட்டியிலும் பழைய சோற்றைப் பிழிந்து போட்டு, மோர் ஊற்றி, மோர்மிளகாயோ வெங்காயமோ வைத்து, அவர்கள் கையில் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் தனக்கு எடுப்பாள். மிச்சம் இருந்தால். அந்த நேரத்தில் தம்பிகள் முற்றத்தில் பம்பரம் விட்டுக்கொண்டிருப்பார்கள். எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றுபோனது. தம்பிகளில் ஒருவன் வக்கீல் ஆனான். அந்த வக்கீல்தான் இன்றைக்கு, "அந்தக் காலத்துல நாங்கள்லாம் எவ்வளவு பொறுப்பா இருந்தோம் தெரியுமா" என்று கல்யாண வீடுகளில் பேசுகிறான். அவனுடைய தூக்குச்சட்டியை யார் கட்டினார்கள் என்பது அவனுக்கு ஞாபகம் இல்லை. பக்கத்தில் இருந்த எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதனால் பழைய காலத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை தன் டப்பாவைக் கட்டட்டும் என்றால் தன் டப்பாவை மட்டும்தான். அண்ணனுடையதைத் தங்கை கட்டக் கூடாது, தம்பியுடையதை அக்கா கட்டக் கூடாது. பெண் பிள்ளைக்கு மட்டும் பழக்கிவிட்டு ஆண் பிள்ளையை விட்டுவிடுவதைவிட, இரண்டு பேருக்கும் நீங்களே கட்டிக் கொடுத்துவிடுவது எவ்வளவோ மேல்.

2019-ல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று ஒன்றை நாடு முழுக்க எடுத்தது. யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்ட கணக்கு. வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளொன்றுக்கு அதற்காகச் செலவழிப்பது சராசரியாக 299 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஆண்களுக்கு 97 நிமிடம். அந்த 97 நிமிடமும் வேலையில் கைவைத்த ஆண்களின் சராசரிதான். வீட்டு வேலையில் கைவைத்த ஆண்களே 100-க்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர். இதில் என் கண்ணில் பட்டது வேறொன்று. இந்தக் கணக்கெடுப்பில் 6 வயதிலிருந்தே ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதாவது நம் வீட்டு ஒன்றாம் வகுப்புப் பையனும் அதில் ஒரு ஆண். அந்த வயதிலேயே அவன் ஒன்றும் செய்யாத 74 பேரின் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறான். யார் உட்கார வைத்தது?

என் தெருவில் ஒருவர் இருக்கிறார். 71 வயது. பெரிய ஆபீசில் நூறு பேரை மேய்த்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் படுக்கை. அவருக்குத் துவரம்பருப்பு எது, கடலைப்பருப்பு எது என்று தெரியவில்லை. உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த மனைவிக்குப் போன் செய்து கேட்டார். அந்த அம்மாள் வலியோடு படுத்துக்கொண்டு, "மேல் தட்டுல ரெண்டாவது, சிவப்பு மூடி" என்று சொன்னதை நானே பக்கத்தில் இருந்து கேட்டேன். வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு மூன்று வேளையும் பார்சல். எண்ணெயும் காரமும் அந்த அம்மாளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் நான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் கண் கலங்கிவிட்டார். "எனக்கு ஒரு கஞ்சி வைக்கத் தெரியலம்மா" என்றார். நல்ல மனிதர். மனைவி மேல் உயிரையே வைத்திருப்பவர். கல்யாணம் வரை அம்மா கட்டிக் கொடுத்தார், அதற்குப் பிறகு மனைவி கட்டிக் கொடுத்தார். அவர் அம்மாவும் பாசமாகத்தான் கட்டிக் கொடுத்திருப்பார்.

டப்பாவுக்கு வருவோம். பிள்ளைக்கு இதில் கற்றுக்கொள்ள எவ்வளவு இருக்கிறது தெரியுமா? முதலாவது அளவு. அம்மா கட்டினால் டப்பாவின் அளவுக்குக் கட்டுவாள். கரண்டியால் அழுத்தி, மூலை முடுக்கெல்லாம் நிரப்பி, மேலே இன்னும் ஒரு கை. பிள்ளையின் வயிறு எவ்வளவு என்பது பிள்ளைக்குத்தானே தெரியும்? பாதி திரும்பி வருகிறது. வந்ததும் திட்டு. மறுநாளிலிருந்து பாதி திரும்பி வருவதில்லை, பள்ளிக் குப்பைத்தொட்டிக்குப் போய்விடுகிறது. நாம் "பிள்ளை இப்போ ஒழுங்கா சாப்பிடுதான்" என்று சந்தோஷப்படுகிறோம். ஒரு பள்ளியில் ஆயாவாக வேலை பார்த்த பெண் என்னிடம் சொன்னாள், மதியம் பெருக்கும்போது தினமும் ஒரு வாளி சோறு அள்ளுவாளாம். தானே இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு போன பிள்ளைக்கு மதியம் போதவில்லை என்றால் மறுநாள் மூன்று கரண்டி போடும். இந்தக் கணக்கை அதற்கு வேறு யாரும் சொல்லித்தர முடியாது.

அடுத்து மூடி. இப்போது வருகிற டப்பாக்களில் நாலு பக்கமும் கொக்கி, உள்ளே ரப்பர் வளையம். நம்முடைய விரலுக்கே சவால். சின்ன வகுப்புகளில் பல பிள்ளைகளுக்குத் தங்கள் டப்பாவைத் திறக்கத் தெரிவதில்லை. டீச்சரோ ஆயாவோ ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வர வேண்டும். கடைசி பெஞ்சுக்கு வருவதற்குள் பாதி நேரம் போய்விடும். வீட்டில் தானே மூடிய பிள்ளைக்குத் திறக்கவும் தெரியும். கடையில் வாங்கும்போதே பிள்ளையைக் கூட்டிப்போய், அது கையால் திறந்து மூட முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த ரப்பர் வளையத்துக்குள் புளிவாடை அடைந்து கிடக்கும். அதை உருவி எடுத்துக் கழுவ நம் தடித்த விரலைவிடப் பிள்ளையின் பென்சில் விரல்தான் தோது.

பிறகு சாப்பாட்டின் குணம். சுடச்சுடச் சோற்றை அள்ளிப் போட்டு மூடினால் ஆவி நீராக இறங்கி மதியத்துக்குள் நசநசத்துவிடும், வெயில் காலத்தில் கெட்டும் போகும். அதனால்தான் தட்டில் பரப்பி ஆறவிடுகிறோம் என்று ஒரு தடவை சொன்னால் பிள்ளைக்குப் புரியும். தயிர்சாதத்துக்குப் பாலை நிறைய ஊற்றி ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விட்டால் மதியம் புளிக்காமல் இருக்கும். காலையில் பாலாக இருந்தது மதியம் தயிராக இருக்கிறதே என்று என் பேரன் மூன்று நாள் ஆச்சரியப்பட்டான். அறிவியல் பாடத்தில் அது வருவதற்கு அவனுக்கு இன்னும் வருஷம் இருக்கிறது. இட்லி என்றால் மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவுவது, ஒரு 7 வயதுப் பிள்ளை நம்மைவிடப் பொறுமையாகச் செய்கிற வேலை. தேங்காய்ச் சட்னி மதியம்வரை தாங்காது, எள்ளுத்துவையல் தாங்கும். உளுந்தஞ்சோற்றுக்கு அந்தத் துவையலை எந்தப் பக்கம் வைத்தால் மூடியில் ஒட்டாது என்பதற்கு என் பேரனிடம் ஒரு தனிக் கொள்கையே உண்டு. சொதியை மட்டும் டப்பாவில் கட்டக் கூடாது. தேங்காய்ப்பால் வெயிலுக்குத் தாங்காது, பையில் கொட்டினால் கணக்கு நோட்டிலிருந்து அந்த வாடை அரைப் பரீட்சை வரைக்கும் போகாது.

இதையெல்லாம் சொல்லித்தர வயது 5, 6, 7. அதற்குப் பிறகு கடினம். 4 வயதில் நாம் மாவு பிசைந்தால் "நானு, நானு" என்று ஓடி வருகிற பிள்ளை. அப்போது நாம் என்ன சொல்கிறோம்? "தள்ளிப் போ, கொட்டிருவ." பத்து வருஷம் தள்ளியே போய்விட்டு, 14 வயதில் சோபாவில் போனோடு கிடக்கும்போது, "தின்ன தட்ட எடுத்து வைக்க மாட்டேங்கான்" என்று அழுகிறோம். தள்ளிப் போகச் சொன்னது யார்?

இதற்கெல்லாம் பணம் கட்டிப் பிள்ளையைச் சேர்க்கிறோம் என்பதுதான் வேடிக்கை. மாண்டிசோரி பள்ளி என்றால் இப்போது பெரிய மதிப்பு. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-ல் ரோம் நகரத்தில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய முதல் பள்ளியில் மழலைகளே மேசையைத் தயார் செய்து மற்றப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறினார்கள். அந்த அம்மையார் 1939-ல் நம் சென்னைக்கே வந்தார். அடையாறு பிரம்மஞான சபையில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் சில வருஷம் இந்தியாவிலேயே, கொடைக்கானலில்கூட, இருந்தார். அவர் முறையில் நடக்கும் பள்ளிகளில் இன்றும் சின்னப் பிள்ளைகள் ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குப் பயறை ஸ்பூனால் மாற்றுகிறார்கள், ஜாடியிலிருந்து தம்ளருக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கைப்பழக்கத்துக்கான பாடம் அது. ஆண்டுக்கு ஒரு லட்சம் கட்டி அதைப் படிக்கிற பிள்ளை வீட்டுக்கு வந்து சாம்பாரில் கரண்டியை வைத்தால், "தொடாத, சிந்திருவ" என்கிறோம். பயறை மாற்றத் தெரிந்த கைக்குப் பீன்ஸ் பொரியலை மாற்றத் தெரியாதா?

இந்தப் பக்கம் அரசுப் பள்ளியைப் பாருங்கள். 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டது முதல், 1956-ல் காமராசர், 1982-ல் எம்.ஜி.ஆர்., 2022-ல் வந்த காலை உணவுத் திட்டம் வரை நம் மாநிலம் பெருமைப்பட்டுக்கொள்ள ஒரு நீண்ட கதை இருக்கிறது. அந்தப் பந்தியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு வரிசையில் வருகிறது. "போதும்" என்று சொல்கிறது, "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கிறது. தின்று முடித்ததும் தட்டைக் குழாயடியில் கழுவி வைக்கிறது. நான் போய்ப் பார்த்த பள்ளிகளில் எல்லாம் இப்படித்தான். அதே தெருவில் கட்டணம் கட்டிப் படிக்கிற பிள்ளை எச்சில் டப்பாவை மூடி பைக்குள் போட்டுக்கொண்டு வந்து ஹாலில் எறிகிறது. நாம் எதற்காகப் பணம் கட்டுகிறோம் என்று எனக்குச் சில நேரம் விளங்குவதில்லை.

ஜப்பானில் பள்ளிச் சாப்பாட்டைப் பிள்ளைகளே முறைவைத்து, வெள்ளை அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, வகுப்பில் பரிமாறுவார்கள் என்பது நமக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்த செய்திதான். அவ்வளவாக வராத இன்னொன்று உண்டு. 2001-ல் ககாவா என்ற மாநிலத்தில் தகினோமியா தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர் தகேஷிதா கசுவோ, ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் 'சாப்பாட்டு டப்பா நாள்' என்று ஒன்றை வைத்தார். என்ன சமைப்பது, சாமான் வாங்குவது, சமைப்பது, டப்பாவில் அடுக்குவது, பாத்திரம் கழுவுவது எல்லாமே பிள்ளை. பெற்றோர் உதவக் கூடாது என்பது விதி. கத்தி, அடுப்பு என்று பெற்றோர் பயந்தார்கள். பொறுப்பு என்னுடையது என்று அவர் சொல்லிவிட்டார். இன்றைக்கு அந்த நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் அது நடக்கிறது. நான் கேட்பது அதில் கால்வாசிகூட இல்லை. கத்தியும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம்.

காலையில் நேரம் இல்லை என்பார்கள். டப்பா, ஸ்பூன், கைக்குட்டை எல்லாவற்றையும் முந்தின நாள் இரவே பிள்ளை எடுத்து வைத்துவிட்டால் காலையில் மிஞ்சுவது சோறும் காயும்தான். அதற்குக் கால் மணி நேரம் முன்னால் எழுப்புங்கள். கார்ட்டூன் பார்த்து இரவு பத்தரைக்குப் படுப்பதைக் கால் மணி நேரம் குறைத்தால் போயிற்று. சிந்தும் என்பார்கள். சிந்தும். கையில் ஒரு துணியைக் கொடுத்தால் துடைக்கும். குறைவாக எடுத்துப் போய்ப் பசியோடு வந்தால்? சாயங்காலம் நாலு மணிக்கு வந்து இரண்டு தோசை கூடுதலாகத் தின்னும், அவ்வளவுதான். சர்க்கரை வியாதியோ வேறு வைத்தியமோ இருக்கிற பிள்ளைக்கு மட்டும் பெரியவர்கள் அளவைப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும், அது வேறு விஷயம். "படிக்கிற பிள்ளை" என்பார்கள் சிலர். 6 வயதில் ஐ.ஏ.எஸ். பரீட்சைக்கா படிக்கிறது?

இந்தச் சாக்குகள் எதுவும் பெரிய தடை இல்லை. பெரிய தடை நம் வாய்தான். என் பேரன் அவன் டப்பாவை அவனே கட்டுகிறான் என்று தெரிந்ததும் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்கார அம்மாள் ஒருவர் என் மருமகளின் காதுபடவே, "பிள்ளைக்கு ஒரு சோறு கூடக் கட்டித் தர முடியலையாம், அப்படி என்ன வேலையோ" என்றார். என் மருமகள் காலை ஒன்பது மணிக்கு ஆபீஸில் இருக்க வேண்டியவள். என் மகனும் அப்படித்தான். அவன் அதே பந்தியில் மூன்று இலை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்து அந்த அம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்படி ஒரு பேச்சு வரும் என்ற பயத்திலேயே எத்தனை பெண்கள் நாலரைக்கு அலாரம் வைக்கிறார்கள் தெரியுமா? பிள்ளைக்கு முடியும் என்று அவர்களுக்குத் தெரியும். மாமியாரும் அம்மாவும் பெரியம்மாவும் என்ன சொல்வார்களோ என்றுதான் தயக்கம். அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. மருமகளுக்கு நீங்கள் உதவி செய்ய விரும்பினால் டப்பாவை நீங்கள் வாங்கிக் கட்டாதீர்கள். பிள்ளை பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வாயையும் கையையும் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். சொல்வதற்கு எளிது. எனக்கே கை பரபரக்கும்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதுதான் தொடங்க வேண்டும் என்று இல்லை. லீவு நாளில், வீட்டிலேயே, மதியச் சாப்பாட்டை டப்பாவில் எடுத்து வைத்து மாடியிலோ மரத்தடியிலோ போய்த் தின்றுவரச் சொல்லுங்கள். பிள்ளைக்கு அது விளையாட்டு. நாலு ஞாயிற்றுக்கிழமை போதும்.

போன மாதம் என் பேரன், முருங்கைக்காய் போட்ட சாம்பாரை டப்பாவுக்கு எடுக்க மாட்டேன் என்றான். "ஏம்ல, ருசியா இல்லையா?" என்று கேட்டேன். "ருசியாத்தான் இருக்கு ஆச்சி. அத சப்பி முடிக்கதுக்குள்ள பெல் அடிச்சிருது" என்றான். விசாரித்தேன். அவர்கள் பள்ளியில் சாப்பாட்டு நேரம், கை கழுவுவதோடு சேர்த்து 25 நிமிடம். இப்போது எங்கள் வீட்டில் முருங்கைக்காய்ச் சாம்பார் சனி, ஞாயிறுகளில்தான்.